அப்பாவின் முழங்கால் வலியும் வண்டி சீட்டும்



எங்க அப்பா தினமும் விடியற்காலை 4 மணிக்கு மல்லிப்பூ மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர். போன ஆடி மாதத்திலிருந்து அவருக்கு இடது முழங்காலில் வலி. வண்டியை விட்டு இறங்கினால் பத்து அடி நொண்டித்தான் நடப்பார். அம்மா தைலம் தேய்த்து விட்டாங்க. "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு 41 வயசுதான்! ஒரு வாரம் வலி தாங்காமல் மார்க்கெட்டுக்கே போகவில்லை. வீட்டுக்கு வந்த வியாபாரிக்குப் பாதி விலைக்குப் பூவைக் கொடுத்தோம். அம்மா அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்பாவோடு நானும் போனேன். டாக்டர் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. "வண்டியில ரொம்ப நேரம் காலை மடக்கியே வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது.

மடக்கினால் ஏன் வலிக்கிறது?

நம் முழங்காலுக்கு முன்னால் வட்டமாக ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அதுதான் முழங்கால் சில்லு. காலை அதிகமாக மடக்க மடக்க, அந்தச் சில்லு தொடை எலும்பின் மேல் அதிகமாக அழுந்துகிறது. கொஞ்ச நேரம் என்றால் பரவாயில்லை. தினமும் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால் வலி வரும்தானே! சினிமா கொட்டகையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழும்போது சிலருக்கு முழங்கால் வலிப்பதும் இதனால்தான்.

கணக்குப் பாடம் உதவியது

தொடை ஒரு பக்கம், கீழ்க்கால் ஒரு பக்கம், இடுப்பிலிருந்து பாதம் வரை மூன்றாவது பக்கம். இது ஒரு முக்கோணம். முதல் இரண்டு பக்கமும் மாறாது. மூன்றாவது பக்கம் நீண்டால் அதற்கு எதிரே உள்ள முழங்கால் கோணம் பெரிதாகும். அதாவது கால் குறைவாக மடங்கும். ஆகவே சீட்டுக்கும் கால் வைக்கும் கட்டைக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். அப்பாவை வண்டியில் உட்கார வைத்து நூல் பிடித்து அளந்தேன். 45 செ.மீ. இருந்தது.

நாங்கள் செய்த மூன்று மாற்றங்கள்

1. சீட்: பல வருஷம் ஆனதால் உள்ளே இருந்த ஸ்பாஞ்சு அமுங்கிப் போயிருந்தது. சீட் கவர் தைக்கும் கடையில் புது ஸ்பாஞ்சு வைத்தோம். இப்போது 49 செ.மீ. வண்டியை நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்ற முடிகிறதா என்று பார்த்த பிறகே கவர் தைத்தார்கள். கால் எட்டாத அளவுக்கு உயர்த்தினால் வண்டி சாய்ந்துவிடும்.

2. மூட்டை: பின்னால் பெரிய மூட்டை இருந்ததால் அப்பா பெட்ரோல் டேங்க் மேலே ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார். அதனால் கால் இன்னும் மடங்கியது. இப்போது பூவை இரண்டு பையாகப் பிரித்து, சம எடையில் இருபுறமும் தொங்க விடுகிறார். சைலன்சரில் பை படாமல் கட்ட வேண்டும்.

3. கியர் லீவர்: முன்பக்கம் உயரமாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் இடது காலைத் தூக்கித் தூக்கி மிதித்தார். மெக்கானிக் அண்ணன் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, லீவரை உருவி, ஒரு பல் இறக்கி மாட்டினார். முன்பக்கம் இறங்கினால் பின்பக்கம் ஏறும். அதனால் ஒரு பல் போதும் என்றார். "பிரேக் பெடலையும் மாத்தலாம், ஆனா அதை நீங்களா தொடாதீங்க" என்று எச்சரித்தார்.

இதோடு பாதி வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிஷம் நடக்கிறார்.

வலி ஒரே நாளில் போகவில்லை. மூன்று வாரம் ஆனது. இன்னும் மாடிப்படி இறங்கும்போது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நொண்டுவது இல்லை. தினமும் மார்க்கெட் போகிறார்.

நம் சைக்கிளுக்கும் இதே கதைதான்

நம்மில் பல பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துத்தான் சைக்கிள் மிதிக்கிறோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். மடங்கியே இருந்தால் சீட்டை அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்துங்கள். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சீட் தண்டில் கோடு போட்டிருந்தால் அது வெளியே தெரியக் கூடாது.

முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, கீழே விழுந்த பிறகு வலித்தாலோ சீட்டைத் திருப்பிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் யாராவது "வயசாகுது" என்று சொன்னால், அவர்கள் எப்படி உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார்கள் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு நூலும் ஸ்கேலும் போதும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி