இணைப்பு அறுந்தது எங்கே?

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி ஆனதும் அந்த வீட்டுப் பாட்டி முகம் கழுவி, சேலையைத் திருத்தி உடுத்திக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து அமர்ந்துவிடுவார். வயது எண்பதைக் கடந்துவிட்டது, காதும் கேளாது. குவைத்தில் வேலை பார்க்கும் இளைய மகனுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்று அவன் முகத்தைத் திரையிற் காண்பதும், அவன் உதடுகள் அசைவதைக் கொண்டே அவன் சொல்வதைப் புரிந்துகொள்வதும் பாட்டிக்கு வாரம் முழுவதும் போதுமான நிறைவு. குரல் மட்டும் வரும் தொலைபேசியால் அவருக்குப் பயனில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவ்வீட்டு மருமகள் மூச்சிரைக்க நம்மிடம் வந்தார். "சாமி, வீட்டிலே நெட் வரவில்லை. அத்தை காத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றார். கணிப்பொறியில் நமக்கு ஓரளவு பழக்கம் உண்டென்பது ஊரறிந்த செய்தி. அதிலே நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. சென்றோம். ரூட்டர் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தோம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. பெட்டியின் பின்புறம் ஊசித்துளை போன்ற ஒரு துவாரம் தென்பட்டது. ஓர் ஊக்கை வாங்கி அத்துளைக்குள் செலுத்தி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தோம். விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்து மீண்டும் எரிந்தன. சிவப்பு விளக்கு மட்டும் மாறவில்லை. நமது கைபேசியின் இணைப்பைப் பகிர்ந்து கொடுத்துப் பார்த்தோம். அவ்வீட்டிற்குள் கைபேசியின் அலை ஒரு கோட்டளவே எட்டும். மகனுடைய முகம் கட்டங்கட்டமாய்ச் சிதறி அப்படியே நின்றுவிட்டது. பாட்டி நெடுநேரம் அத்திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிரவு அவர் உண்ணவில்லை என்று மறுநாள் அறிந்தோம்.

நாம் செய்த பிழை யாதென்பதை முடிவிலே சொல்லுவோம். அதன்பின் இப்பொருள்பற்றிப் பொறுமையாகக் கற்றுக்கொண்டவற்றை முதலில் வாசகக் குடும்பங்களின் முன் வைக்கிறோம். ஏனெனில் இன்று படிப்பு, வேலை விண்ணப்பம், வங்கி, அயல்நாட்டிலுள்ள பிள்ளையின் முகம் யாவும் அந்தச் சிறு பெட்டியின் வழியாகவே வீட்டிற்குள் வருகின்றன.

அடுக்களைக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறோம். அங்கும் இல்லையெனில் மாடித் தொட்டியை எட்டிப் பார்க்கிறோம். தொட்டி வற்றியிருந்தால் மோட்டாரையும், அதன்பின் கிணற்றையும் நோக்குகிறோம். எதுவரை தண்ணீர் இருக்கிறது, எங்கிருந்து இல்லை என்று கண்ட பின்னரே ஆளைக் கூப்பிடுகிறோம். எடுத்த எடுப்பிலே மோட்டாரைக் கழற்றுவார் எவருமில்லை. இணையம் நின்றுபோனால் மட்டும் இந்த நல்லறிவு நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது!

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்ளுதல் வேண்டும். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது நம் கைபேசிக்கும் வீட்டிலுள்ள பெட்டிக்கும் இடையே சில அடித் தொலைவில் நடைபெறும் வானொலித் தொடர்பு மட்டுமே. பெட்டிக்கு அப்பால், கம்பம் கம்பமாகத் தொங்கிச் செல்லும் ஃபைபர் வழியாக உலகோடு கொள்ளும் தொடர்பே இன்டர்நெட். கைபேசியின் மேல்விளிம்பில் வைஃபைக் குறி முழுமையாய்த் தெரியும். ஆயினும் ஒரு படமும் வராது. குழாய் நன்றாயிருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இல்லை என்பதே அதன் பொருள்.

ஆதலால் முதற் கேள்வி இது: ஒரு கருவியில் மட்டும் வரவில்லையா, வீட்டிலுள்ள எல்லாவற்றிலுமா? மகளின் கைபேசியில் வந்து, தந்தையின் கணிப்பொறியில் வரவில்லை என்றால், பெட்டியைத் தொடவே வேண்டாம், குறை அக்கணிப்பொறியிலேதான். மேலும் ஒரு சோதனை உண்டு. கைபேசியின் இணைப்பைக் கணிப்பொறிக்குப் பகிர்ந்து கொடுத்துப் பார்த்தால், கணிப்பொறி நலமாயிருக்கிறதா என்பது அப்பொழுதே தெரிந்துவிடும். இதற்கிடையே கடிகாரத்தையும் ஒரு முறை பார்ப்பது நலம். பழைய கணிப்பொறிகளில் உள்ளேயிருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தேய்ந்துவிட்டால், நாளும் ஆண்டும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். வங்கி முதலிய பாதுகாப்பான தளங்கள் தம் சான்றிதழின் காலவரம்பை அக்கடிகாரத்தோடு ஒப்பிட்டே திறக்கின்றன. ஆண்டு பிழையென்றால் அவை திறக்க மறுத்துவிடும். நமக்கோ அது இணைப்புக் கோளாறாகவே தோன்றும்.

எல்லாக் கருவிகளிலும் வரவில்லையெனில் பெட்டியின் விளக்குகளைப் படித்தல் வேண்டும். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'பான்' என்றொரு விளக்கும் 'லாஸ்' என்றொரு விளக்கும் இருக்கும். எல்லாம் சரியாயிருக்கையில் முன்னது பச்சையாய் நின்று எரியும், பின்னது எரியாது. 'லாஸ்' சிவப்பாய் எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பது பொருள். அந்நிலையில் பெட்டியை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும், புதுப் பெட்டியே வாங்கி வைத்தாலும் பயனில்லை. சிவப்பு விளக்கைக் கண்டும் பணத்தைக் கொட்டிப் புது ரூட்டர் வாங்கிய வீடுகளை நாம் அறிவோம்.

இந்த ஃபைபர் ஒரு கண்ணாடி இழை. உறைகளை நீக்கினால் அதன் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஏறத்தாழ 9 மைக்ரான் அளவேயுள்ள உட்கருவின் வழியே ஒளி ஓடுகிறது. இழை ஒடியவேண்டும் என்பதில்லை. மிக நெருக்கமாக மடங்கினாலே ஒளி அம்மடிப்பில் கசிந்து வெளியேறிவிடும். மேசைக் காலின் கீழும், கதவு இடுக்கிலும், பீரோவின் பின்னும் சிக்குண்ட இழைதான் பல வீடுகளில் குற்றவாளி. சுருட்டி வைப்பதாயின் தண்ணீர்க் குவளையின் வாயளவிற்குக் குறையாமல் சுருட்டவேண்டும். ஆணியில் கட்டி இறுக்கவே கூடாது. இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்ப்பாரும் உண்டு. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாதது. கண்ணுக்குத் தீங்கு செய்யவும் கூடும். முனையை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசையும் தூசும் படிந்து அதுவே புதிய தடையாகிவிடும். எனவே கழற்றும் வேலையைத் தெரிந்தவருக்கு விடுதல் நன்று. வெளியே தெரியும் நெளிவு சுளிவுகளை நீக்குவது மட்டும் நம் வேலை.

சிவப்பு விளக்கு இல்லை, 'பான்' பச்சையாய் நிற்கிறது, எனினும் இன்டர்நெட் விளக்கு எரியவில்லை என்றால், மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா என்று பார்க்கலாம். சிரிக்கவேண்டாம், இக்காரணத்தைக் கண்டு வெட்கிய வீடுகளுள் நமது பங்கு இல்லமும் ஒன்று. கட்டணம் செலுத்தியிருந்தால் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுத்து, மூன்று நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். பெட்டியும் ஒரு சிறு கணிப்பொறியே. நாட்கணக்கில் ஓயாது ஓடுகையில் அதன் நினைவில் குழப்பம் நேரிடுவதுண்டு. அணைத்து ஏற்றினால் புதிதாய்த் தொடங்கும். இதனால் இழப்பு எதுவுமில்லை. ஆனால் அணைத்து ஏற்றுவதும், பின்புறத் துளையை அழுத்துவதும் ஒன்றல்ல. முன்னது உறங்கி எழுவது போன்றது. பின்னதோ, பெட்டி தான் கற்ற அனைத்தையும் மறந்து, ஆலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடுவது. நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோம். நாம் வைத்த வைஃபைப் பெயரும் மறைந்துபோம்.

விளக்குகள் எல்லாம் நலமாய்த் தோன்றியும் வரவில்லையெனில் சற்று உள்ளே நுழையவேண்டும். இதை வீட்டிலுள்ள பதினாறு வயதுப் பிள்ளை எளிதாகச் செய்துவிடும். வீட்டிற்குள் ஒவ்வொரு கருவிக்கும் பெட்டி ஓர் எண் முகவரி வழங்குகிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 1996-இல் வெளியான விதிமுறைப்படி இவை வீட்டிற்குள் மட்டும் செல்லும் எண்கள். ஆதலால் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் இவையே வழங்குகின்றன. கைபேசியில் வைஃபை விவரத்தைத் திறந்தால் இவ்வெண் தெரியும். கணிப்பொறியில் அது 169.254 என்று தொடங்குமானால், பெட்டி முகவரி தரவில்லை, கணிப்பொறி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறியலாம். பெட்டிக்கும் கணிப்பொறிக்கும் இடையேதான் பேச்சு நின்றிருக்கிறது.

அடுத்து 'பிங்' என்னும் சோதனை. 1983 டிசம்பரில் அமெரிக்கப் படையின் ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் எழுதிய சிறு நிரல் அது. நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். மீன் கூட்டத்தைக் காண எக்கோ சவுண்டர் வைத்திருக்கும் நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை! முதலில் வீட்டுப் பெட்டியின் எண்ணுக்கு, அதாவது பெரும்பாலும் 192.168.1.1 என்பதற்கு, 'பிங்' அனுப்புக. எதிரொலி வந்தால் வீட்டிற்குள் வழி சரி. பின்னர் 8.8.8.8 என்னும் எண்ணுக்கு அனுப்புக; இது 2009-இல் கூகுள் பொதுமக்களுக்குத் திறந்த ஒரு சேவையின் எண். அங்கிருந்தும் எதிரொலி வந்தால் உலகுக்கு வழி திறந்தே இருக்கிறது. அப்படியிருந்தும் தளங்கள் பெயரால் திறக்கவில்லையெனில், வழி கெடவில்லை. முகவரிப் புத்தகமே கெட்டது.

முகவரிப் புத்தகம் என்று நாம் சொல்வது டி.என்.எஸ். எனும் ஏற்பாட்டை. தளங்களின் பெயர்களை எண்களாக மாற்றித் தருவது அதன் பணி. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. வலை வளர வளர அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இப்போதுள்ள முறையை வகுத்தார். பெட்டியின் அமைப்பிலோ கணிப்பொறியிலோ டி.என்.எஸ். என்னுமிடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதினால் இக்குறை பல வேளைகளில் உடனே தீர்ந்துவிடும்.

வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்பார்க்கு ஒரு சொல். கைபேசியோடு பெட்டியின் அருகே சென்று நின்று பாருங்கள். அங்கே விரைவாக வந்தால் பழி சுவரின் மேல். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவரைக் கடக்க வலுவற்றது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அதனினும் நன்றாய்ச் சுவரைக் கடக்கும், ஆனால் அண்டை வீட்டாரின் அலைகளும் மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அதே வீதியில்தான் நடமாடுகின்றன. பெட்டியை அழகுக்காக இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுதல் நியாயமன்று.

இனி நம் பிழை. மறுநாள் சனிக்கிழமை பழுது பார்க்கும் இளைஞர் வந்தார். வந்தவர் எதையும் அழுத்தவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தார். மெல்லிய இழையை விரலால் தொட்டுக்கொண்டே சுவரோரமாய் நடந்தார். வெள்ளையடிப்பதற்காக நகர்த்திய இரும்பு பீரோவைத் திரும்பத் தள்ளி வைத்தபோது இழை அதன் முதுகுக்கும் சுவருக்கும் இடையே மடங்கி நசுங்கியிருந்தது. பீரோவை ஒரு சாண் இழுத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. முந்திய மாலையே நாம் செய்திருக்கக்கூடிய வேலை அது.

ஆனால் இணையம் வரவில்லை. பெட்டியை ஆராய்ந்தவர் நிமிர்ந்து, "இந்தத் துளையை யார் அமுக்கியது?" என்று கேட்டார். மருமகள் நம்மைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நாம்தான் என்று ஒப்புக்கொண்டோம். பயனர் பெயர் எழுதிய தாளை வீட்டில் ஒருவரும் பேணவில்லை. அலுவலகம் ஞாயிறு விடுமுறை. திங்கள் நண்பகலில்தான் அவ்விரண்டு சொற்களும் கிடைத்து இணைப்பு உயிர்பெற்றது. கடையில் வேலைக்குச் சென்றுவிட்ட மகனால் திங்களன்று பேச இயலவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாமும் அங்குச் சென்றிருந்தோம். திரையில் முகம் தெரிந்ததும் பாட்டி கேட்டது, "என்ன மக்கா, மெலிஞ்சு போனே?" என்பதே. அவன் இல்லையென்று தலையசைத்தான், அவர் நம்பவில்லை. பீரோ இப்பொழுது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளியே நிற்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய அட்டை அதன் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. பெட்டியின் பின்புறத் துளையின்மேல் மருமகள் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார்.