உண்டியலில் காசு போடாதது யார்?

கடையில் ஆள் இல்லை. ரொட்டி இருக்கிறது. பக்கத்தில் ஓர் உண்டியல் இருக்கிறது. நீங்கள் காசு போடுவீர்களா?

"போடுவேன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் ஒருவர் இதைச் செய்தே பார்த்துவிட்டார்!

ரொட்டிக்காரர்

அவர் பெயர் பால் பெல்ட்மன். வாஷிங்டனில் ஆராய்ச்சி வேலை பார்த்தவர். 1984-ம் ஆண்டு வேலையை விட்டுவிட்டு, ரொட்டி விற்க இறங்கினார்.

காலையில் ஆபீஸ் ஆபீசாகப் போவார். ரொட்டியையும் உண்டியலையும் வைத்துவிட்டு வந்துவிடுவார். பிறகு போய்ப் பணத்தை எடுப்பார். எத்தனை ரொட்டி போயிற்று, எவ்வளவு காசு விழுந்தது என்று கணக்கு எழுதி வந்தார்.

பெரும்பாலானவர்கள் காசு போட்டார்கள். ஆனால், ஆபீசுக்கு ஆபீஸ் வித்தியாசம் இருந்தது. முதலாளியையும் வேலையையும் ஊழியர்களுக்குப் பிடித்திருந்தால், அங்கே காசு ஒழுங்காக விழும். இது அவர் அனுபவத்தில் கண்டது.

ரொட்டி முதலாளியுடையது அல்ல. முதலாளி மேல் இருந்த கசப்பு, பாவம், ரொட்டிக்காரர் தலையில் விடிந்தது!

போட்டோ விலை

சரி, பொருளை விற்கிற கம்பெனியைப் பற்றியே ஜனங்களுக்கு நல்ல எண்ணம் வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவில் அதையும் சோதித்தார்கள். முடிவு 2010-ம் ஆண்டு வெளியாயிற்று. சோதனையில் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள்.

அங்கே ராட்சத ராட்டின ரயிலில் போகிறவர்களைப் போட்டோ எடுத்து விற்பார்கள். விலை 12 டாலர் 95 சென்ட். 200 பேரில் ஒருவர்தான் வாங்கினார்.

"இஷ்டப்பட்ட விலை கொடுங்கள்" என்றார்கள். 100-க்கு 8 பேர் வாங்கினார்கள். கொடுத்தது சராசரி 92 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை!

"இஷ்டப்பட்ட விலை கொடுங்கள். அதில் பாதி, நோயாளிகளுக்கு உதவும் தர்ம ஸ்தாபனத்துக்குப் போகும்" என்று சொல்லிப் பார்த்தார்கள். சராசரி 5 டாலர் 33 சென்ட் விழுந்தது! பாதியைக் கொடுத்த பிறகும் கம்பெனிக்கு முன்னைவிட லாபம் அதிகம்.

இன்னொன்று. வாங்கியவர்கள் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நல்ல காரியத்துக்கு அற்பக் காசு கொடுக்கப் பலருக்கு மனம் கூசியது போலும். வாங்காமலே போய்விட்டார்கள்.

யார் நஷ்டம்?

வியாபாரிகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. எடையில் குறைப்பவர், வாடிக்கைக்காரருக்கும் ஏமாற்றச் சொல்லிக் கொடுக்கிறார்.

நமக்கும் பாடம் இருக்கிறது. "கம்பெனி கொள்ளை அடிக்கிறது. சில்லறையை அதிகமாகக் கொடுத்தால் நான் ஏன் திருப்ப வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கல்லாவில் பணம் குறைந்தால், பல கடைகளில் சிப்பந்தியின் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். கம்பெனி நஷ்டப்படாது. ஓர் ஏழை வீட்டில் அன்று பால் குறையும்.

காசைத் திருப்பிக் கொடுங்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால், அதன் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.