ரத்தம் சொல்லும் கதை – 11: கொடையாளர் தரும் காவல்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்து வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது. "குற்றாலத்துக்கு வந்தோம், அப்படியே உங்களையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு..." என்று பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடித்துத் திரும்பியவர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் அப்படிப் போகாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நோயுற்ற மஜ்ஜையை மருந்தால் அழித்து, கொடையாளரின் ஸ்டெம் செல்லை ஏற்றுவது வரை சென்ற வாரம் பார்த்தோம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மம்மன் சாண்டி குழுவினர் 1986-ல் தொடங்கிய சிகிச்சை இது. ஏற்றிய இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளணு எண்ணிக்கை ஏறும். ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் முதலில் ஏறுபவை நியூட்ரோஃபில்கள். அவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்ப்பவை. வைரஸை அடக்கும் டி செல்கள் தேறிவர மாதக்கணக்காகும். சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும்.

அந்த இடைவெளியில் தலைதூக்குவது சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. பெரும்பாலும் இது வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. நம் நாட்டுப் பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோர் உடலில் சிறுவயதிலேயே புகுந்து பதுங்கியிருக்கிறது. முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இந்த ஒரே வைரஸைக் கண்காணிக்கவே நம் உடல் ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காவல் போனதும் நுரையீரலும் குடலும் தாக்கப்படும். அதனால்தான் வாராவாரம் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து பி.சி.ஆர். பார்க்கிறார்கள். வைரஸ் கூடினால் கான்சிக்ளோவிர் கொடுப்பார்கள். அது வைரஸை அடக்கும். கூடவே இப்போதுதான் துளிர்த்த மஜ்ஜையையும் அழுத்தும். இன்னொரு மருந்தான ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மருந்துக்குப் பதில் அந்தக் காவல் செல்களையே கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டான்லி ரிடெல், ஃபிலிப் கிரீன்பெர்க் குழுவினர் செய்து காட்டினார்கள். கொடையாளரின் ரத்தத்திலிருந்து சி.எம்.வி. தொற்றிய செல்லை அடையாளம் கண்டு கொல்லும் டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, 14 நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஒருவருக்கும் சி.எம்.வி. நோய் வரவில்லை. 1995-ல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: உதவி டி செல்கள் தேறாதவர்களிடம், ஏற்றிய செல்களின் வேகம் நாளடைவில் குறைந்தது. கொல்லும் செல் தனியாக நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை.

கொடையாளருக்கு சி.எம்.வி. பாசிட்டிவ் என்றதும் பல குடும்பங்கள் பதறிப்போகின்றன. நோயாளிக்கும் ஏற்கெனவே அந்த வைரஸ் இருந்தால், அதைச் சந்தித்த கொடையாளரே நல்லது. அவருடைய செல்களோடு அந்த வைரஸைப் பற்றிய நினைவும் சேர்ந்து வரும். வைரஸே தொடாத நோயாளிக்குத்தான் தொடாத கொடையாளரைத் தேட வேண்டும்.

இதே வழியில், எப்ஸ்டீன்-பார் என்ற இன்னொரு வைரஸால் வரும் புற்றுநோய்க்கு, வேறொருவரின் டி செல்களிலிருந்து முன்கூட்டியே தயாரித்து வைக்கும் டாபெலெக்லூசெல் என்ற சிகிச்சைக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பா அனுமதி தந்தது. எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. பல வைரஸ்களை ஒன்றாக எதிர்க்கத் தயாரித்த போசோலூசெல் சோதனைகள் 2023-ல் பலன் தராமல் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில்தான் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சை இந்தியாவில் அனுமதி பெற்றது. டி செல்லை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, திருப்பி ஏற்றும் கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. வைரஸ் எதிர்ப்பு செல்களும் அரசு மருத்துவமனைப் படுக்கை வரை வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை காவல் வீட்டார் கையில். தென்காசியிலிருந்து வேலூர் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவிட முடியாது. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் சிகிச்சையோடு கரைந்துபோகும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாக இரண்டு ஆண்டு கழித்தே மறுபடி போடுவார்கள். பேரப்பிள்ளையின் சாதாரண சளியோ அம்மையோ அவரை ஐ.சி.யு.வில் தள்ளிவிடலாம். ஐந்தருவிக் கூட்டத்தில் நின்று குளிப்பதும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம்.

சீசனுக்கு வருகிறவர்களே, அந்த வீட்டுக்குப் போனில் பேசி விசாரியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.