மதுரையைவிடக் கிட்டத்தில்

சென்னைக்கு அதிகத் தூரத்தில் இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் சற்றும் யோசியாமல் யாழ்ப்பாணம் என்றே சொல்லுவார்கள். கடலுக்கு அப்பால் உள்ள அந்நிய தேசமாயிற்றே! ஆனால் தேசப்படத்தை எடுத்து அளந்து பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம், பட்சி பறக்கும் நேர்கோட்டில், சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையமோ சுமார் 355 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய நேர் தெற்கே போனால் போதும்.

பலாலியில் விமானத் தளம் அமைத்தவர்கள் இரண்டாவது மகா யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையினர். யுத்தம் முடிந்த பிறகு அது பொது ஜனங்களுக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசம்பர் 10-ந் தேதி, ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. அந்த டகோட்டா விமானத்துக்கு இட்டிருந்த பெயர் 'சீதா தேவி'. இலங்கையிலிருந்து சீதா தேவி பாரத பூமிக்கு ஆகாய மார்க்கமாக வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன?

மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டகோட்டாவுக்கு, பலாலி - சென்னைத் தூரம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் புறப்பட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மயிலாப்பூரில் இருக்கலாம்.

பிறகு தூரம் வளர்ந்தது. 1983-ல் உள்நாட்டுப் போர் மூண்டபின், பலாலி இராணுவத்தின் தளமாயிற்று. சென்னையில் ஒரு கல்யாணம், ஒரு வைத்தியம் என்றால் யாழ்ப்பாணத்தார் முதலில் தெற்கே கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தரை வழியாகப் போக வேண்டும். பிறகு வடக்கே 650 கிலோமீட்டர் விமானத்தில் வரவேண்டும். வடக்கே இருக்கும் ஊருக்கு வரத் தெற்கு நோக்கிப் பிரயாணம்! அந்தத் தரை வழியாவது எப்போதும் திறந்திருந்ததா? ஏ-9 நெடுஞ்சாலை 2006 ஆகஸ்டில் அடைபட்டது. 2009-ல் போர் முடிந்த பிறகே திரும்பவும் திறந்தது. எத்தனை தாய்மார், அக்கரையிலிருந்த பிள்ளையின் முகம் காணாமல் வருஷங்களை எண்ணியிருப்பார்கள்!

2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் விமானங்கள் சென்னையிலிருந்து ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்தன. நாலைந்து மாதத்துக்குள் கொரோனா வந்து அதையும் நிறுத்திற்று. 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பம். 2024 செப்டம்பர் 1-ந் தேதி இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஓடுபாதை குறுகியதாகையால் பெரிய ஜெட் விமானங்களுக்கு அங்கே இடமில்லை. சுமார் எழுபது பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானங்களே வந்திறங்கின.

இவ்விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கணக்குப்படி முக்கால் மணியில் பலாலி வந்துவிட வேண்டும். ஆனால் மேலே ஏறவும், கீழே இறங்கவும், தரையில் ஊர்ந்து போகவும் நேரம் பிடிப்பதால், அட்டவணையில் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் போடுகிறார்கள். பழைய டகோட்டாவைவிடப் பிரமாத லாபம் ஒன்றுமில்லை. போதாததற்கு, பாஸ்போர்ட்டும் கையுமாக மீனம்பாக்கத்து வரிசையில் நிற்கும் நேரம் வேறு!