பாத்தியின் திசையும் தண்ணீரின் நேரமும்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் ஸுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால், பள்ளத்து உருளைக்கிழங்குப் பாத்திகளில் ஆட்கள் குழாயும் கையுமாக நிற்பதைக் காணலாம். உறைபனியில் விறைத்த செடிக்கு மேலும் குளிர்நீரா என்று நானும் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. பனி படிந்த இலையில் வெயில் பட்டால் இலை கருகிவிடும். வெயில் ஏறுமுன் தண்ணீர் அந்தப் பனியைக் கழுவி இறக்கிவிட வேண்டும். பிந்தினால் பயனில்லை. முதல் நாள் பகலிலேயே மண்ணை நனைத்து வைப்பது இன்னும் நல்லது. ஈரமண் பகற்சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெதுவாக விடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை கருகுவது அதனால்தான்.

மற்ற நாட்களிலும் காலைப் பாசனமே நல்லது. மாலையில் தெளித்தால் இலை இரவெல்லாம் ஈரமாக இருக்கும்; வெளிறல் நோய்க்கு அதுவே போதும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே நோய்தான். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் மண் காயக்கூடாது. அறுவடை நெருங்கும்போது தண்ணீரைக் குறைத்தால் தோல் முற்றும், கிழங்கு கடையில் நாள்பட நிற்கும்.

பாத்தியின் திசைதான் பெரிய பிரச்சினை. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போடுகிறவர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெருமழையில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பது அவர்களுடைய பயம், அது நியாயமான பயம். ஆனால் நீரோடு மேல்மண்ணும் போகிறது, காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் போகிறது. அதற்கு வழி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரிசை. இடையிடையே சற்றுச் சாய்வாக வெட்டிய கான். மண் நிற்கும், மிகைநீர் வடியும். ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவர் கான் வெட்டச் செலவழிப்பாரா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் அந்தச் செலவில் பங்கெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கரைந்த மண் நானு ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. வழியில் நீர்த்தேக்கங்களில் படிகிறது.

மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் நீருக்காக ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் எழுந்த வழக்கு புகாரியில் பதிவாகியிருக்கிறது. மேலே இருப்பவர் முதலில் பாய்ச்சலாம், பிறகு கீழே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்வு. அந்தத் தோழர் அதை ஏற்காதபோதுதான் ஸுபைருக்கு முழு உரிமையும் கொடுக்கப்பட்டது. அதுவும் நீர் வரப்பை எட்டும் மட்டுமே. எங்கள் மலையில் மார்ச் மாத வறட்சியில், ஓடையின் தலைப்பில் போட்ட குழாய் இரவு பகலாக ஓடுகிறது. கீழே லயத்துப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கிறார்கள்.