பெற்றோரின் மனம் நோயுற்றால் பிள்ளை சுமப்பதா?

மேல்வயலின் வரம்பு உடைந்தால் கீழ்வயலும் வெள்ளத்தில் மூழ்கும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. குடும்பமும் அவ்வாறே. தாயின் அல்லது தகப்பனின் மனம் நோயுறும்போது அதன் பாரம் பிள்ளைகளின் தோளில் இறங்குகிறது.

வன்னி மக்கள் பட்ட துன்பம் ஒன்றிரண்டல்ல. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையோரத்தை ஆழிப்பேரலை அழித்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் இருந்தனர். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. ஆனால் பலருடைய மனக்காயம் அவர்களோடு வீடுவரை வந்தது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றிய தமது ஆய்வை 2010இல் வெளியிட்டார். தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் கிராமமும் சேர்ந்தே காயப்பட்டுள்ளன என்பது அதன் சாரம். இதை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். முன்பு தாய்க்குச் சுகமில்லையென்றால் அடுத்த வளவில் அம்மம்மாவோ மாமியோ இருப்பார். பிள்ளை அங்கே சாப்பிட்டு, அங்கேயே படுத்துறங்கும். இடப்பெயர்வு அந்த உறவுகளைச் சிதறடித்தது. தாங்குவதற்கு ஆளில்லாத வீட்டில் நோயின் முழுப்பாரமும் பிள்ளைமேல் விழுகிறது.

வீட்டில் நடப்பது என்ன?

காணாமற்போனவரை நினைத்துக் கலங்குவதும் காத்திருப்பதும் நோயல்ல. ஆனால் வாரக்கணக்காக நித்திரையும் பசியும் இன்றி, வேலையில் மனம் செல்லாது, பிள்ளை அழுதாலும் எழும்ப முடியாதிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இல்லாத குரல்கள் கேட்பதும், எல்லோரையும் சந்தேகிப்பதும் வேறுவகை நோயின் அறிகுறிகள். சில தகப்பன்மார் வேதனையைக் கசிப்பால் மறக்க முயல்வர். அது அடி உதையாகப் பிள்ளைகளிடம் வந்து முடிகிறது.

அத்தகைய வீட்டில் மூத்த பிள்ளை, பெரும்பாலும் பெண்பிள்ளை, தாயாக மாறுகிறாள். சமைக்கிறாள், தம்பி தங்கையைக் குளிப்பாட்டுகிறாள், பாடசாலையை விடுகிறாள். சிறுபிள்ளை படுக்கையை நனைக்கிறது, அல்லது பேச்சைக் குறைக்கிறது. "நல்ல பிள்ளை, குழப்படி இல்லை" என்று நாம் மெச்சுகிறோம். அந்தப் பிள்ளையோ, "நான் செய்த பிழையால்தான் அம்மாவுக்கு இப்படி" என்று தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு வருத்தம். அது உன்னாலே வந்ததில்லை. பெரியாக்கள் நாங்கள் பாக்கிறம்." இந்த மூன்று வார்த்தையும் பிள்ளையின் நெஞ்சிலிருந்து பெரும் கல்லை இறக்கும்.

இரண்டாவது, நோயாளியை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். நேர்த்தி வைப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் பேய், செய்வினை என்று மாதங்களை வீணாக்க வேண்டாம். கட்டிவைப்பதும் அடிப்பதும் நோயைக் கூட்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரச வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சை இலவசம். மனச்சோர்வுக்கான மருந்து பயன் தருவதற்குச் சில வாரங்கள் எடுக்கும். காலபோக விதைப்பு வந்துவிட்டதென்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். சுகமாகிவிட்டதென்று தாமாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். அத்தகைய வீட்டில் கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள்.

மூன்றாவது, அயலவர் ஒருவராவது அந்தப் பிள்ளைக்கு நிலையான துணையாக இருக்கட்டும். ஒரு நேரச் சோறு, பாடசாலைக்குப் போக ஒரு துணை, விளையாட ஒரு மணிநேரம் போதும். வடபகுதிக் குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, போரைக் கண்ட பிள்ளைகளையும் பெற்றோரின் அன்பான கவனிப்பு மனப்பாதிப்பிலிருந்து காக்கிறது என்று காட்டியது. ஆகவே பெற்றோரைச் சுகப்படுத்துவதே பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி. அதுவரை அந்த அன்பின் ஒரு பங்கை அயலவர் கொடுக்கலாம்.

தேசிய உளநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்களை அழைக்கலாம்.

மலேரியாக் காய்ச்சலை நாம் ஒருபோதும் மறைத்ததில்லை. மனநோயை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? மறைக்கும் ஒவ்வொரு நாளும் பாடசாலையில் ஒரு பிள்ளையின் இடம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் ஒழுங்கையில் அத்தகைய வீடு இருந்தால், இந்த வாரமே படலையைத் திறந்து உள்ளே செல்லுங்கள்.