உங்களுக்குத் தெரியுமா? காமாலை ஏன் இப்போது இளைஞர்களைத் தாக்குகிறது

காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி தொற்றும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. சாதாரணக் காய்ச்சல்போல வந்து போய்விடும். ஆனால் அந்த ஒரு தொற்றே ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்புச் சக்தியைத் தந்துவிடும். சுகாதாரம் குறைந்த நாடுகளில் 10 வயதுக்குள் 90 சதவீதம் குழந்தைகள் இப்படித்தான் பாதுகாப்புப் பெறுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேரளத்தில் கழிப்பறைகள் பெருகி, குழந்தைகளுக்கு இந்தக் கிருமி எட்டுவது குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு வந்தால் காமாலை கடுமையாகும், அரிதாகக் கல்லீரலே செயலிழக்கும். 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூரில் குடிநீர் மாசுபட்டு 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் அம்பூரி, பாறசாலைப் பக்கத்தில் கிணற்று நீரைக் குடிக்கும் வீட்டாரும் கவனிக்க வேண்டும்: கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றினால், கொதிக்க வைத்த பலன் அத்தனையும் போய்விடும். கல்யாண வீட்டுக் குளிர்பானத்தில் போடும், கொதிக்காத நீரில் செய்த ஐஸும் அப்படித்தான். தடுப்பூசி உண்டு, 12 மாதம் முதல் போடலாம். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இன்னும் சேராததால், பெற்றோரே மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டியிருக்கிறது.